டிசைன் படித்தவர்களே, தமிழ் எழுத்தையும் கொஞ்சம் கவனியுங்கள்

கிராஃபிக் டிசைன் முடித்த பலரும் சென்னையில் ஐடி கம்பெனிகளின் யுஐ, யுஎக்ஸ் (ஆப், வெப்சைட்டின் தோற்றத்தையும் பயன்பாட்டையும் வடிவமைக்கும்) வேலையைத்தான் குறிவைக்கிறார்கள். சரி, ஆனால் போட்டியும் அங்கேதான் அதிகம். தி.நகர் ஜவுளிக்கடை விளம்பரம், திருவல்லிக்கேணி அச்சகம், யூடியூப் தம்ப்நெயில் என்று தமிழ் எழுத்தை ஒழுங்காகக் கையாளத் தெரிந்தவருக்கும் வேலை உண்டு. போர்ட்ஃபோலியோவில் (செய்த வேலைகளின் தொகுப்பில்) இரண்டு தமிழ் போஸ்டராவது இருக்கட்டும்.

அடோபியின் டிசைன் சாஃப்ட்வேரான இல்லஸ்ட்ரேட்டரில் 'கெ' அடித்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறதா? எனக்கும் ஒரு நாள் முழுக்க வீணானது! யூனிகோட் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) ஃபாண்ட்தானா என்று பாருங்கள். பிரிஃபரன்ஸஸில் டைப் பகுதிக்குப் போய் இண்டிக் ஆப்ஷன்ஸை டிக் செய்யுங்கள். அப்புறம் பாராகிராஃப் பேனல் மெனுவில் இந்திய எழுத்துகளைச் சரியாக அடுக்கும் சவுத் ஏசியன் கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். கொம்பு முன்னால் வந்துவிடும்.

அச்சுக்குப் போகும் ஃபைல் என்றால் கலர் மோடு சிஎம்ஒய்கே (அச்சு மைகளுக்கான நான்கு நிற முறை), சுற்றிலும் 3 மி.மீ. பிளீட் (வெட்டும்போது ஓரத்தில் வெள்ளை தெரியாமல் இருக்க டிசைனை வெளியே நீட்டி விடும் பகுதி) வையுங்கள்.