தரை டைல்ஸ் பசை: சரியான பதத்தில் கலப்பது எப்படி?

டைல்ஸ் பசையில் பெரும்பாலான கோளாறு தண்ணீரில்தான் தொடங்குகிறது. சிமென்ட் கலவை குழைத்த பழக்கத்தில் கண்மதிப்பாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். இந்தப் பவுடருக்கு அது ஒத்துவராது. அளந்துதான் ஊற்ற வேண்டும்.

எவ்வளவு என்பது மூட்டையிலேயே இருக்கும். சாம்பல் நிற சிமென்ட் பசைகளில் பல, 20 கிலோவுக்கு 5 லிட்டரை ஒட்டிக் கேட்கும். வகைக்கு வகை சற்று மாறும். புதிதாகச் செய்பவர் முழு மூட்டையைப் பிரித்துக் கொட்ட வேண்டாம். 5 கிலோ பவுடர், 1¼ லிட்டர் தண்ணீர் போதும். 3 மி.மீ. கனத்தில் அது சுமார் 12 சதுர அடிக்கு வரும்.

கையுறையும் மூக்கை மூடும் மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள். ஈர சிமென்ட் தோலை அரிக்கும்.

1. சுத்தமான பக்கெட்டில் முதலில் தண்ணீர். அளந்ததில் ஒரு டம்ளரை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். பவுடரை முதலில் கொட்டினால் அடிமூலையில் நனையாத மாவு ஒட்டிக்கொண்டு பிறகு கட்டியாக வரும். பழைய கலவை ஒட்டிய பக்கெட்டும் ஆகாது. புதுக் கலவை சீக்கிரம் இறுகிவிடும்.

2. பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக்கொண்டே கலக்குங்கள். டிரில்லில் மிக்ஸர் கம்பி மாட்டினால் குறைந்த வேகம் போதும். வேகம் கூடினால் காற்று புகுந்து நுரைக்கும். ஓரத்தையும் அடியையும் கொத்தனார் கரண்டியால் வழித்துவிட்டு, கட்டி கரையும்வரை இரண்டு மூன்று நிமிடம் ஓட்டுங்கள்.

3. இப்போது 5 முதல் 10 நிமிடம் அப்படியே விடுங்கள். பலரும் தவிர்ப்பது இதைத்தான். பவுடரில் சிமென்ட், மணலோடு, பிடிப்பைக் கூட்டும் பாலிமரும் தண்ணீரைப் பிடித்துவைக்கும் ஒருவகைப் பசைப்பொருளும் உண்டு. கடைசி இரண்டும் ஊறிக் கரைய நேரம் வேண்டும். அதற்குமுன் தெரியும் பதத்தை நம்பி தண்ணீர் ஊற்றினால் கணக்கு தப்பும்.

4. மறுபடி அரை நிமிடம் கலக்கிவிட்டுப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் மட்டும் எடுத்துவைத்த டம்ளர் தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேருங்கள்.

பதம் பார்ப்பது எளிது. கரண்டியில் அள்ளிச் சாய்த்தால் வடைமாவுபோல் நிற்க வேண்டும். தோசைமாவுபோல் வழியக் கூடாது. அடுத்து, பல் வைத்த கரண்டியால் தரையில் இழுங்கள். வரிகள் கூர்மையாக நின்றால் சரி. படுத்துவிட்டால் தண்ணீர் அதிகம்: டைல்ஸ் அமிழ்ந்து மட்டம் மாறும், காயும்போது பசை சுருங்கிப் பிடிப்பும் குறையும். வரிகள் பிய்ந்து பிசிறடித்தால் தண்ணீர் குறைவு. டைல்ஸின் முதுகில் பசை ஒட்டாமல், தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும்.

தண்ணீர் கூடிவிட்டால் அதே பவுடரைச் சேர்த்து மீண்டும் ஊறவிட்டுக் கலக்குங்கள். இறுகட்டுமென்று வெறும் சிமென்ட் போடுவது பல இடங்களில் நடக்கிறது; பாலிமரின் விகிதம் கெட்டு, பசைக்குக் கொடுத்த காசு வீண்.

சித்திரை வெயிலில் மூட்டையையும் தண்ணீரையும் நிழலில் வையுங்கள். தரையில் இழுத்த பசையைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விரலால் தொட்டுப் பாருங்கள். விரலில் ஒட்டாமல் ஆடை கட்டியிருந்தால் சுரண்டி எறிய வேண்டியதுதான். பக்கெட்டில் இறுகத் தொடங்கியதற்கும் அதே கதி. தண்ணீர் விட்டுத் தளர்த்தினால் பார்க்கப் புதுக் கலவைபோல் இருக்கும், ஆனால் பிடிக்காது.