மண் மாறும் இடத்தில் நிலநடுக்கம் தாங்கும் குழாய் பதிக்க

புதைகுழாய் அதிகம் விட்டுப்போவது கெட்டி மண் முடிந்து இளகிய மண் தொடங்கும் எல்லையில், அதுவும் ஜாயின்ட்டில். தடம் நெடுகத் துளையிட்டு அந்த எல்லைகளை முதலில் குறியுங்கள்.

நில அசைவு வேகத்தை நிலநடுக்க அலையின் வேகத்தால் வகுத்தால் திரிபு (மண் நீளும் விகிதம்): 0.5 மீ/வி, 500 மீ/வி எனில் 0.001. 6 மீட்டர் குழாய்க்கு 6 மி.மீ. இது சராசரிதான், எல்லையில் ஒரே ஜாயின்ட் இதைப்போல் பல மடங்கு இழுபடலாம். அங்கே வெறும் ரப்பர் வளையத்தை நம்பாதீர்கள். சூடாக்கி ஒட்டிய பாலிஎத்திலீன் போடலாம். 2011 நிலநடுக்கத்தில் நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சில் குழைந்த மண்ணில் கல்நார் சிமென்ட் குழாய்களைவிட அது நன்றாகவே தாங்கியது. அல்லது ஜப்பானின் பூட்டு ஜாயின்ட் (நகரும், ஆனால் கழன்று வராது) டி.ஐ. (எளிதில் உடையாத வார்ப்பிரும்பு) குழாய்: ஒவ்வொரு ஜாயின்ட்டும் குழாய் நீளத்தில் 1% நீளும், சுருங்கும்.

பூட்டு ஜாயின்ட்டில் வழக்கமான தவறு, முனையைக் கடைசிவரை இடித்துத் தள்ளுவது. பிறகு சுருங்க இடமேது? குறிக்கோட்டோடு நிறுத்துங்கள். தொட்டிச் சுவரை ஒட்டியும் நெகிழும் ஜாயின்ட் வேண்டும்.