டின்னைத் திறப்பதற்கு முன்: வீட்டுக்கு உள்ளும் புறமும் பெயின்ட் அடிக்கத் தயாராகும் முறை

எங்கள் படுக்கையறையின் ஒரு சுவருக்கு மூன்று ஆண்டுகளில் மூன்று முறை பெயின்ட் அடித்திருக்கிறேன். முதல் இரண்டு முறையும் நான்கைந்து மாதங்களில் சன்னலுக்குக் கீழே அதே இடம் கொப்பளித்தது. விரல் பட்டால் தோல் போல உரிந்து வந்தது. பெயின்டை மாற்றிப் பார்த்தேன், பெயின்டுக்கு முன் அடிப்பூச்சாக அடிக்கும் பிரைமரை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. மூன்றாவது முறை அடித்தது இன்றுவரை அப்படியே நிற்கிறது. சன்னலின் வெளிப்பக்கத் திண்டில் இருந்த மெல்லிய விரிசலைக் கண்டுபிடித்து அடைத்ததுதான் அதற்குக் காரணம்.

அதனால் இந்த விளக்கத்தில் ரோலரை எப்படி உருட்டுவது என்பதற்கு அதிக இடம் தரவில்லை. அது அரை மணி நேரத்தில் கைக்கு வந்துவிடும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுவதும் சுவரைத் தயார் செய்வதும்தான் பல நாள் வேலை. அந்த நாள்களைக் கணக்கில் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

முதல் படி: வெளியே தொடங்கி உள்ளே வாருங்கள்

பெரும்பாலோர் வரவேற்பறையிலிருந்து தொடங்குகிறார்கள். நான் மாடியிலிருந்து தொடங்கச் சொல்வேன். உள்சுவரில் தெரியும் கறையில் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்தது. ஒரு நோட்டுப் புத்தகம், பென்சில், அளவு நாடா போதும். நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் இதற்கு மிகப் பொருத்தமான நாள்.

கைப்பிடிச் சுவரின் மேல்முகத்தில் விரிசல் இருக்கிறதா? மழைநீர்க் குழாயின் இணைப்புகளுக்குப் பின்னால் சுவர் கறுத்திருக்கிறதா? சன்னல் சட்டமும் சுவரும் சேரும் இடத்தில் இடைவெளி தெரிகிறதா? சுவரின் அடிப்பகுதியில் மண் மேடேறி, ஈரம் சுவருக்குள் ஏற வழி செய்திருக்கிறதா? ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். குறிக்கும்போது, அந்த இடம் சுவரின் மூலையிலிருந்து எத்தனை மீட்டர், தரையிலிருந்து எத்தனை மீட்டர் என்று அளந்து எழுதுங்கள்.

பிறகு உள்ளே வந்து, கறையும் கொப்புளமும் உள்ள இடங்களை அதே போல அளந்து எழுதுங்கள். சுவரின் கனத்தைக் கழித்துக்கொண்டு இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டால் காரணமும் விளைவும் தாமாகவே ஜோடி சேரும். எங்கள் வீட்டு விரிசல் எனக்குப் புலப்பட்டது இப்படித்தான். இரண்டு ஆண்டுகளாக அந்தத் திண்டைத் தினமும் பார்த்திருக்கிறேன். அளந்து பார்க்காததால் தொடர்பு தெரியவில்லை.

கசிவுகளை அடைத்த பிறகு சுவர் உலரக் காலம் கொடுங்கள். அடைத்த மறுநாளே பெயின்ட் அடித்தால் உள்ளே தங்கிய நீர் வெளியேற வழி தேடும். அந்த வழி உங்கள் புதிய பெயின்டின் ஊடாகத்தான் இருக்கும்.

இரண்டாம் படி: பிளாஸ்டிக் தாள் சோதனை

நான் தவறியது இந்த இடத்தில்தான். ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

தெளிவான பிளாஸ்டிக் தாளை ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள். சந்தேகத்துக்குரிய இடத்தில் வைத்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதபடி டேப்பால் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். நான் ஒரு முழு நாள் விடுகிறேன். பிறகு பாருங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவரை நோக்கிய பக்கம், நீர்த்துளிகள் இருந்தாலோ தாளுக்குக் கீழே சுவர் கறுத்திருந்தாலோ ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் வெளிப்பக்கம் மட்டும் வியர்த்திருந்தால் அறையின் காற்றில்தான் ஈரம் மிகுந்திருக்கிறது. முதலாவதற்குக் கசிவைத் தேட வேண்டும். இரண்டாவதற்குக் காற்றோட்டம் வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு.

முதல் முறை நான் இரண்டு தவறுகள் செய்தேன். மூன்று மணி நேரத்திலேயே தாளைப் பிரித்துவிட்டேன். மேலும், உதிர்ந்துகொண்டிருந்த பழைய பெயின்டின் மேலேயே டேப்பை ஒட்டியதால் ஓரங்கள் பிடிக்கவில்லை, காற்று உள்ளே போய் வந்தது. தாள் உலர்ந்திருந்ததைப் பார்த்துச் சுவரும் உலர்ந்துவிட்டது என்று நம்பினேன். அந்த நம்பிக்கையில் அடித்த பெயின்ட்தான் இரண்டாவது முறை உரிந்தது. ஆகவே தாளின் ஓரம் வரும் இடத்தை முதலில் சுரண்டி, தூசி துடைத்து, கெட்டியான பரப்பில் ஒட்டுங்கள். ஒரே இடத்தில் நிறுத்தாமல், தரையை ஒட்டி ஒன்று, சன்னலுக்குக் கீழே ஒன்று, நன்றாக இருப்பதாகத் தோன்றும் சுவரில் ஒன்று என மூன்று தாள்கள் ஒட்டுவது நல்லது. மூன்றாவது தாள் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

புதிதாகக் கட்டிய சுவர் என்றால் இன்னும் பொறுமை வேண்டும். சிமெண்ட் பூச்சில் ஈரத்தோடு கடுமையான காரமும் இருக்கிறது. அது பெயின்டைக் கெடுக்கும். பூசி முடித்து 28 நாள்களாவது விடுவது பொதுவான வழக்கம். குளிரும் ஈரமும் உள்ள பருவத்தில் அதற்கு மேலும் ஆகும். அதன் பிறகும் காரத்தைத் தாங்கும் பிரைமரையே வாங்குங்கள்.

மூன்றாம் படி: சுவர் என்ன சொல்கிறது என்று கேளுங்கள்

வெளிச்சுவரில் உள்ளங்கையை அழுத்தித் தேயுங்கள். கையில் மாவு போலப் பொடி ஒட்டினால் பழைய பெயின்டின் பிடிமானம் போய்விட்டது என்று பொருள். அதன் மேல் எதை அடித்தாலும் பொடியைத்தான் பிடித்துக்கொள்ளும், சுவரைப் பிடிக்காது. பொடி நிற்கும் வரை தேய்த்துக் கழுவ வேண்டும்.

வெள்ளைப் படிவு இருந்தால் அது உப்பா பூஞ்சையா என்று பிரித்தறிய ஒரு துளி தண்ணீர் போதும். உப்பு கரைந்து மறையும். பூஞ்சை அப்படியே நிற்கும். உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், கரைந்து மீண்டும் சுவருக்குள்ளேயே போகும். உலர்ந்த விறைப்பான பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிடுங்கள். உப்பு மீண்டும் மீண்டும் பூத்தால் ஈரம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. முதல் படிக்குத் திரும்புங்கள்.

கறுப்புப் புள்ளிகள் அழுக்கா பூஞ்சையா என்ற ஐயம் வந்தால் ஒரு துளி பிளீச்சிங் திரவம் வையுங்கள். சில நிமிடங்களில் நிறம் வெளுத்தால் பூஞ்சை. ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து தடவி, கால் மணி நேரம் விட்டு, நன்றாகக் கழுவி உலர விடுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அந்தத் திரவத்தோடு அம்மோனியாவோ அமிலமோ உள்ள வேறு எந்தச் சுத்திகரிப்புப் பொருளையும் கலக்கவே கூடாது; நச்சு வாயு உண்டாகும்.

விரிசல்களில் எல்லாமே ஒன்றல்ல. தலைமுடி போன்றவற்றை, சுவரைச் சமன் செய்யத் தடவும் பட்டியே நிரப்பிவிடும். அதைவிடப் பெரியவற்றைச் சுரண்டியின் முனையால் சற்று அகலப்படுத்தி, தூசியை ஊதி எடுத்து, பிறகு நிரப்புங்கள். குறுகிய விரிசலின் மேல் வெறுமனே தடவினால் பொருள் உள்ளே இறங்காது, சில மாதங்களில் கோடு மீண்டும் தெரியும். சாய்வாக ஓடும் விரிசலோ, கதவு சன்னல் மூலையிலிருந்து கிளம்பும் விரிசலோ இருந்தால் அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். சில வாரங்களில் விரிசல் கோட்டைத் தாண்டிப் போனால் பெயின்ட் வேலையை நிறுத்திவிட்டுக் கட்டிடப் பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள்.

பழைய வீடுகளுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. பல பத்தாண்டுகளுக்கு முன் அடித்த பெயின்டில், குறிப்பாகக் கதவு, சன்னல், கிராதிகளில், ஈயம் இருக்கலாம். அமெரிக்கா வீட்டுப் பெயின்டில் ஈயத்தை 1978இல் தடை செய்தது; பல நாடுகள் அதற்கு வெகு காலம் கழித்தே கட்டுப்படுத்தின. ஐயம் இருந்தால் பரிசோதித்துப் பாருங்கள். ஈயம் கலந்த பெயின்டை உலர்வாகத் தேய்க்காதீர்கள். அந்தத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும்.

நான்காம் படி: கணக்கும் நிறமும்

அறையின் சுற்றளவை உயரத்தால் பெருக்கி, கதவு சன்னல்களைக் கழியுங்கள். 4 மீட்டருக்கு 3 மீட்டர் அறை, உயரம் 3 மீட்டர் என்றால் சுற்றளவு 14, சுவர்ப்பரப்பு 42 சதுர மீட்டர். ஒரு கதவுக்கும் ஒரு சன்னலுக்கும் 4 சதுர மீட்டர் கழித்தால் 38. இரண்டு முறை அடிக்க 76. டின்னில் லிட்டருக்கு 10 சதுர மீட்டர் என்று போட்டிருந்தால் 7.6 லிட்டர். கூடுதலாகப் பத்தில் ஒரு பங்கு சேர்த்து வாங்குங்கள்.

சொரசொரப்பான வெளிச்சுவர் இந்தக் கணக்குக்குள் அடங்காது, அது நிறையக் குடிக்கும். முதலில் ஒரு சிறிய டின் வாங்கி, 2 சதுர மீட்டர் அளந்து அடித்து, எவ்வளவு செலவானது என்று பார்த்துப் பெருக்குவது நம்பகமான வழி. வாங்கும்போது எல்லா டின்களிலும் தொகுதி எண் (பேட்ச் நம்பர்) ஒன்றுதானா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தாலும், ஒரு சுவருக்குத் தேவையானதை ஒரே பெரிய வாளியில் ஊற்றிக் கலக்கிவிட்டால் பாதிச் சுவரில் நிறம் மாறும் சங்கடம் இராது.

நிற அட்டையை மட்டும் நம்பாதீர்கள். ஒரு பெரிய அட்டையில் இரண்டு முறை அடித்து, அதைச் சுவர் சுவராக நகர்த்தி வைத்து, காலையிலும் நண்பகலிலும் இரவு விளக்கிலும் பாருங்கள். பெரிய பரப்பில் நிறம் அட்டையில் தெரிந்ததைவிட அழுத்தமாகத் தெரியும்.

ஐந்தாம் படி: உள்சுவரைத் தயார் செய்தல்

பொருள்களை அறையின் நடுவில் சேர்த்து மூடுங்கள். மின்சாரத்தை மெயினில் நிறுத்திவிட்டு சுவிட்ச் பலகை மூடிகளைக் கழற்றுங்கள். அவற்றைச் சுற்றி டேப் ஒட்டுவதைவிட இது சுத்தம். உதிர்வதைச் சுரண்டி எடுங்கள். சமையலறைச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கை வழலைத் தண்ணீரால் கழுவி, வெறும் தண்ணீரால் மீண்டும் துடையுங்கள். பழைய எனாமலின் பளபளப்பை உப்புத்தாளால் தேய்த்து மங்கச் செய்யுங்கள், இல்லாவிட்டால் புதியது வழுக்கிவிடும்.

அடுத்து பட்டி பார்த்தல். வெள்ளைச் சிமெண்ட் பட்டியை, சுவரைச் சற்று நனைத்து நேரடியாகத் தடவலாம். அக்ரிலிக் பட்டி என்றால் முதலில் ஒரு முறை பிரைமர் அடித்துவிட்டுத் தடவுவது வழக்கம். ஈரம் படும் இடங்களிலும் வெளியிலும் அக்ரிலிக் பட்டியைப் பயன்படுத்தாதீர்கள். எதுவானாலும் கனமாக ஒரு முறை தடவுவதைவிட மெல்லியதாக இரண்டு முறை தடவுங்கள். கனமாகத் தடவியது காயும்போது வெடிக்கும்.

தேய்க்கும்போது ஒரு விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தப்பும் மேடு பள்ளமெல்லாம் நிழலாகத் தெரியும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த கருவி அந்தக் கைவிளக்குதான். முதலில் 120, பிறகு 180 அல்லது 220 எண் உப்புத்தாள். முகக்கவசம் அணியுங்கள். தேய்த்த தூசியை ஈரத்துணியால் துடைத்து, முழுப் பரப்புக்கும் மீண்டும் பிரைமர். பட்டி பார்த்த இடத்துக்கு மட்டும் பிரைமர் அடித்தால் இறுதியில் திட்டுத் திட்டாகத் தெரியும்.

ஆறாம் படி: வெளிச்சுவர்

கழுவிய பின் சில நாள்கள் வெயிலில் உலர விடுங்கள். பெரும்பாலான நீர் வகைப் பெயின்டுகளுக்கு வெப்பநிலை 10 டிகிரி செல்சியசுக்கு மேலும், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழும் இருக்க வேண்டும். வெயில் நேராக விழும் சுவரில் அடிக்காதீர்கள். நிழல் நகர்வதைத் தொடர்ந்து நீங்களும் நகருங்கள். அன்று இரவு மழை வரும் என்றால் வேலையைத் தள்ளிப்போடுங்கள். கிராதியின் துருவைத் தேய்த்து எடுத்த அன்றே இரும்புக்கான பிரைமர் அடித்துவிடுங்கள்.

ஏணியை 4 மீட்டர் உயரத்தில் சாய்த்தால் அதன் கால் சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இரண்டாம் மாடிக்கு மேல் என்றால் சாரம் கட்டத் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுங்கள்.

கருவிகளில் ஒன்றில் மட்டும் சிக்கனம் கூடாது: ஓரங்களுக்கான பிரஷ். மலிவானது முடி உதிர்த்து, ஒவ்வொரு முடியும் சுவரில் ஒட்டி நிற்கும். ரோலரில் மழமழப்பான உள்சுவருக்கு 10 முதல் 12 மி.மீ. முடி நீளம், சொரசொரப்பான வெளிச்சுவருக்கு 18 மி.மீ. அல்லது அதற்கு மேல்.

பின்னர் சேர்த்தது

இதைப் படித்துவிட்டு ஒருவர் எழுதினார்: வெளிச்சுவரில் எந்தக் குறையும் இல்லை, ஆனாலும் தாளின் உள்பக்கம் நனைகிறது. அவருடைய சுவரின் மறுபுறம் குளியலறை. குழாயைச் சுவரில் பொருத்திய இடத்தில் ஓடுகளுக்கு இடையே சாந்து உதிர்ந்திருந்தது. ஆகவே முதல் படியில் எழுதும் பட்டியலில், சுவருக்கு அப்பால் குழாய் ஓடுகிறதா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, தண்ணீர் மீட்டரின் எண்ணைக் குறித்து, காலையில் யாரும் தண்ணீர் எடுப்பதற்கு முன் மீண்டும் பாருங்கள். எண் மாறியிருந்தால் குழாயில் கசிவு இருக்கிறது. மாறாவிட்டாலும் கழிவுநீர்க் குழாயும் ஓடுகளின் இடுக்கும் மீட்டரில் தெரியாது. இரண்டு நாள் அந்தக் குளியலறையைப் பயன்படுத்தாமல் விட்டு, புதிய தாள் ஒட்டிப் பாருங்கள்.

இன்னொருவர், பெயின்ட் படாமல் ஓரங்களை மறைக்க ஒட்டிய டேப்பை உரிக்கும்போது பெயின்டும் சேர்ந்து வருவதாகச் சொன்னார். முழுதும் காய்ந்த பிறகு உரித்திருக்கிறார். கடைசி முறை அடித்து, பெயின்ட் இன்னும் சற்று ஈரமாக இருக்கும்போதே, டேப்பைச் சாய்வாகப் பின்னோக்கி மடக்கி மெதுவாக இழுங்கள். காய்ந்துவிட்டால், முதலில் ஓரத்தில் ஒரு கத்தியால் கோடிட்டு அறுத்துவிட்டு உரியுங்கள்.