கொள்ளுத் தாத்தாவைத் தேடுவது எப்படி: மொய் நோட்டு, ஜாதகம், பழைய பத்திரம்

குடும்ப வரலாறு எழுதப் போகிறேன், பழைய பத்திரத்தை ஒரு தடவை காட்டுங்கள் என்று சொந்தக்காரர் வீட்டு வாசலில் போய் நின்றால் அவர் மனதில் முதலில் ஓடுவது என்ன தெரியுமா? பங்கு கேட்க வந்திருக்கிறான். என் சித்தப்பா ஒருவர் காபி கொடுத்தார், டிபன் கொடுத்தார், பீரோ சாவி மட்டும் காணாமல் போய்விட்டது. மூன்றாவது தடவை போனபோது அதுவரை நான் வரைந்திருந்த கொடிவழியை (வம்சாவளிப் படத்தை) எடுத்துக்கொண்டு போனேன். அதில் அவருடைய அத்தையைப் பெரியம்மா என்று தப்பாகப் போட்டிருந்தேன். "என்னப்பா இது, இப்படியா எழுதுவே?" என்று திருத்த உட்கார்ந்தவர், நான் நம்பவில்லையோ என்று சந்தேகப்பட்டு, சாவியை அவரே தேடி எடுத்து வந்தார். ஆகவே வெறுங்கையோடு போகாதீர்கள். அரைகுறையாக எழுதியதையாவது கொண்டு போங்கள். தெரியாதவனுக்குச் சொல்லித்தர ஆள் கிடைக்காது, தப்பாகச் சொல்கிறவனைத் திருத்தப் பத்துப் பேர் வருவார்கள்.

பெரியவர்களிடம் வருஷம் கேட்டுப் பயனில்லை. "தாத்தா எந்த வருஷம் இறந்தார்?" என்றால் "அது ஆச்சு எவ்வளவோ வருஷம்" என்பார்கள். தனுஷ்கோடியைப் புயல் அடித்துக்கொண்டு போனபோது (1964 டிசம்பர்) அவர் இருந்தாரா, ஊருக்குக் கரண்ட் வந்தபோது இருந்தாரா, உங்கள் கல்யாணத்தில் தாலி எடுத்துக் கொடுத்தது யார் என்று கேளுங்கள், பதில் தானாக வரும். போனில் பதிவு செய்யுங்கள், ஆனால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

அப்புறம் வீட்டுக் காகிதம். நம் ஊரில் தினமும் உட்கார்ந்து மனதில் பட்டதையெல்லாம் டைரியில் எழுதிவைத்த தாத்தாக்கள் குறைவு. வரவு செலவு நோட்டு எழுதியவர்கள் ஏராளம். கணக்கு நோட்டுதானே என்று ஒதுக்கிவிடாதீர்கள், என் அனுபவத்தில் அதைவிட நல்ல டைரி கிடையாது. என் தாத்தாவின் நோட்டில் ஒரு பக்கத்தில் 'எண்ணெய், சீயக்காய், வேட்டி 2, அகத்திக்கீரை' என்று ஒரே நாள் செலவு இருந்தது. பல தடவை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். என் அம்மா பார்த்தவுடனே, "இது கருமாதிச் செலவுடா" என்றாள். எங்கள் வீட்டில் பதினாறாம் நாள் காரியம் செய்வது வழக்கம், அதிலிருந்து பின்னோக்கி எண்ணியதில் கொள்ளுப் பாட்டி இறந்த நாள் கிடைத்தது. அரசாங்கப் பதிவு எதிலும் அந்த அம்மாள் பெயரே இல்லை.

நோட்டில் வருஷம் இல்லையென்றால் காசைப் பாருங்கள். அணா, பைசா என்று கணக்கு ஓடினால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தியது, நயா பைசா என்றிருந்தால் அதற்குப் பிந்தியது. பழக்கம் விடாமல் அதற்கப்புறமும் அணாவில் எழுதிய ஆட்கள் உண்டு, அதனால் இதை ஒரு துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தேதி கிழிந்துபோன முத்திரைத்தாளில் யார் தலை இருக்கிறது என்பதும் அப்படித்தான். ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1910 முதல் 1936 வரை, ஆறாம் ஜார்ஜ் என்றால் அதற்கு அப்புறம்.

மொய் நோட்டு இன்னொரு புதையல். ஊர்வாரியாக எழுதியிருப்பார்கள், இன்ன ஊர் இன்னார் இவ்வளவு என்று. ஒரே ஊரிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்து, அவர்களில் ஒருவர் மட்டும் மற்றவர்களைவிடப் பலமடங்கு செய்திருந்தால் அவர் தாய்மாமனாகவோ சம்பந்தியாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். பெண் வழியைப் பிடிக்க இதுதான் வழி, ஏனென்றால் நிலப் பதிவுகளில் பெண்கள் அநேகமாக வருவதே இல்லை. மஞ்சக்காணியாக, அதாவது பெண்ணுக்குச் சீதனமாக, நிலம் கொடுத்திருந்தால் அதிர்ஷ்டம். பழைய கல்யாணப் பத்திரிகைகளையும் சேர்த்துப் பாருங்கள், பேத்தி, பௌத்திரி என்று இரண்டு தலைமுறைப் பெயர்கள் ஒரே அட்டையில் கிடைக்கும்.

ஜாதகத்தில் ஆங்கிலத் தேதி இருக்காது, தமிழ் வருஷப் பெயர் இருக்கும். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும், அதில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். தாது வருஷம் என்றால் பஞ்சம் வந்த 1876-ஆ, 1936-ஆ? குரு ஏறக்குறைய 12 வருஷத்திலும் சனி ஏறக்குறைய 30 வருஷத்திலும் ஒரு சுற்று வருவதால் இரண்டு ஜாதகத்திலும் இவை கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் நிற்கும், காட்டிக்கொடுக்காது. ராகு கேதுவைப் பாருங்கள், அவை இரண்டு மூன்று கட்டம் தள்ளியிருக்கும். இன்னொன்று, தை, மாசி, பங்குனி என்றால் ஆங்கில வருஷம் ஒன்று கூடிவிடும். பிரபவ வருஷம் தை மாதம் என்பது 1928, 1927 இல்லை.

வருவாய்த்துறைக் கணக்கில் வருஷத்தைப் பசலி என்று போட்டிருப்பார்கள். ஆங்கில வருஷம் வேண்டுமென்றால் 590-ஐக் கூட்டுங்கள். பசலி 1350 என்றால் 1940 ஜூலையில் தொடங்கி 1941 ஜூன் வரை. நெல்லை, குமரிப் பக்கத்து ஆவணங்களில் கொல்லம் ஆண்டு வரும், அதற்கு 824 அல்லது 825 கூட்ட வேண்டும். எண்கள் தமிழிலேயே இருந்தால் ௧ 'க' மாதிரியும் ௨ 'உ' மாதிரியும் ௭ 'எ' மாதிரியும் தெரியும், பக்கத்தின் உச்சியில் தனியாக நிற்கும் 'உ' மட்டும் இரண்டு இல்லை, பிள்ளையார் சுழி. நானே அதைப் பக்க எண் என்று நினைத்து நாலு பக்கத்தை இடம் மாற்றி அடுக்கியவன்தான்.

சரி, இப்போது பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்போம். விளைவு என்ன? முத்தையா மகன் ராமையா, ராமையா மகன் முத்தையா, முத்தையா மகன் ராமையா என்று ஒரே இரண்டு பெயர் நூற்றைம்பது வருஷத்துக்கு மாறி மாறி வரும். இதோடு அண்ணன் தம்பி எல்லோரும் தலைமகனுக்கு அதே தாத்தா பெயரை வைத்திருப்பார்கள், ஒரே தெருவில் ஒரே காலத்தில் நாலு முத்தையா. பெயரும் தகப்பன் பெயரும் பொருந்துகிறது என்பதற்காக ஒருவரை உங்கள் தாத்தாவாக ஏற்றுக்கொள்ளாதீர்கள். வயது, பட்டப்பெயர், மனைவி பெயர், சர்வே எண் இவற்றில் ஒன்றாவது சேர்ந்து பொருந்த வேண்டும்.

இந்தச் சிக்கலை அவிழ்ப்பதில் பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கு நிகர் எதுவும் இல்லை. யார் யார் அண்ணன் தம்பி, யாருக்கு எது என்று வரிசையாக இருக்கும். பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரத்தில் கட்டிக்கொடுத்த பெண்களும் வருவார்கள். 'பிதுரார்ஜிதம்' என்றிருந்தால் சொத்து அப்பன் பாட்டன் வழி வந்தது, 'சுயார்ஜிதம்' என்றால் அவரே சம்பாதித்தது. சாதாரணக் கிரயப் பத்திரமாக இருந்தாலும் நான்கெல்லையை விடாதீர்கள். கிழக்கே இன்னார் புஞ்சை, வடக்கே இன்னார் புஞ்சை என்று வருகிறதே, அவர்கள் பாதிப் பேர் பங்காளிகளாகத்தான் இருப்பார்கள். ஒரே நிலம் உடைந்து உடைந்துதானே பக்கத்துப் பக்கத்தில் வந்தது. எங்கள் வீட்டில் யாருக்குமே தெரியாத ஒரு தாத்தா எனக்கு வடக்கெல்லையில் கிடைத்தார்.

கையில் பத்திரம் இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகம். பழைய வருஷங்களுக்கு வில்லங்கச் சான்று வேண்டுமென்றால் சர்வே எண்ணோடு மனுப் போட வேண்டும், தேடுகிற வருஷத்துக்கு ஏற்பக் கட்டணம். பெயர்வாரி இன்டெக்ஸ் தனி, சொத்துவாரி இன்டெக்ஸ் தனி. சொத்துப் பத்திரங்கள் இருக்கும் 1-ஆம் புத்தகத்திலிருந்து யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி நகல் வாங்கலாம். உயில் 3-ஆம் புத்தகம், எழுதியவர் இறந்துவிட்டால் அதற்கும் யாரும் மனுச் செய்யலாம். ஒன்றுமே கிடைக்கவில்லையா? நூறு ரூபாய்க்குக் கீழ்ப்பட்ட கிரயத்துக்குப் பதிவு கட்டாயமாக இருந்ததில்லை, அந்தக் காலத்தில் அந்தப் பணத்துக்கு நிலமே வாங்கலாம்.

எந்த ஊரில் தேடுவது என்பதும் கேள்விதான். கன்னியாகுமரி 1956 வரை திருவிதாங்கூர் பக்கம், புதுக்கோட்டை 1948 வரை சமஸ்தானம். விருதுநகரும் சிவகங்கையும் 1985-இல்தான் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்தன. காகிதம் பழைய தலைநகரத்திலேயே தங்கிப்போயிருக்கலாம். சர்வே எண்ணும் பழசு, புதுசு என்று மாறியிருக்கும், தாலுகா அலுவலகத்தில் இரண்டுக்கும் பொருத்தம் கேட்டு வாங்குங்கள். கிராமத்துக் கர்ணம் (கணக்குப்பிள்ளை), முன்சீப் பதவிகள் 1980-இல் ஒழிந்தபோது அவர்கள் வைத்திருந்த கணக்கு எல்லா ஊரிலும் ஒழுங்காகக் கைமாறியது என்று சொல்ல மாட்டேன். எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குக் கடைசியில் போங்கள், ஊரும் தாலுகாவும் தெரியாமல் போனால் ஒரு நாள் வீண்.

இவ்வளவும் நிலம் வைத்திருந்தவர்களுக்கான வழி. நிலமே இல்லாத குடும்பம் என்றால் குலதெய்வக் கோயில் தலைக்கட்டு வரி நோட்டு, மாதா கோயில் ஞானஸ்நானப் பதிவேடு, பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேடு என்று போக வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிறந்த தேதியை மட்டும் நம்பாதீர்கள், கையைத் தலைக்கு மேல் சுற்றிக் காதைத் தொட்டால் ஐந்து வயது என்று வாத்தியார் எழுதிக்கொண்ட காலம் அது. பிறப்புப் பதிவில் 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருக்கும், அப்பா பெயரை வைத்துத் தேடுங்கள்.

எடுத்த காகிதத்தை லேமினேட் செய்யாதீர்கள், செலோ டேப்பும் ஒட்டாதீர்கள். ஜன்னல் பக்கத்து வெளிச்சத்தில் போனில் படம் எடுத்து, எந்த வீட்டு எந்தப் பெட்டியில் இருந்தது என்று அன்றைக்கே எழுதிவையுங்கள்.

கடல் தாண்டிப் போனவர்களுக்குச் சில சமயம் இங்கே இருந்தவர்களைவிட நல்ல பதிவு இருக்கிறது. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறிய கூலிகளின் பதிவேட்டில் அப்பா பெயர், வயது, ஊர், தாலுகா, உடம்பில் உள்ள தழும்பு வரை உண்டு. வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடி எழுதியதால் முனுசாமி 'மூன்சாமி' ஆகியிருப்பார், ஊர்ப் பெயரை வாய்விட்டுப் படித்தால்தான் புரியும். எங்கள் வீட்டில் கண்டிக்குப் போன ஒருவர் உண்டு, தாத்தாவின் சித்தப்பா. நோட்டில் அவர் பெயரில் மணியார்டர் வரவு ஐந்து இருக்கிறது, ஆறாவது இல்லை. அவர் போன தோட்டத்தின் பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.