ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது: போனில் இருக்கும் ஆதாரத்தைக் கெடாமல் காப்பது எப்படி?

வாடகை வீட்டைக் காலி செய்தாயிற்று, ஒரு லட்சம் அட்வான்ஸ் திரும்பி வரவில்லை. "பணம் வந்துடுச்சு, காலி பண்ணும்போது தந்துடறேன்" என்று வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் எழுதியது மட்டும்தான் கையில் இருக்கிறது. இந்த நிலையில் பெரும்பாலானவர்கள் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் போட்டு, ஃபைலில் சொருகி வைக்கிறார்கள். ஒரு வருடம் கழித்து அந்த போன் எக்ஸ்சேஞ்சில் போய்விடுகிறது. கேஸ் நடக்கும்போது எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் இருக்காது: இந்தக் காகிதம் எந்த போனிலிருந்து வந்தது, அந்த போன் எங்கே?

இந்தக் கேள்வியின் பலம் 2014-லேயே தெரிந்துவிட்டது. அன்வர் எதிர் பஷீர் என்ற கேரளத் தேர்தல் வழக்கில், பிரசாரப் பேச்சுகளையும் பாடல்களையும் சி.டி.யில் போட்டுக் கொடுத்தார்கள். எந்தக் கருவியிலிருந்து எப்படி நகலெடுத்தது என்று கையெழுத்திட்டுச் சொல்லும் உரிய சான்றிதழை இணைக்காததால் உச்ச நீதிமன்றம் அவற்றை ஆதாரமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பதிவான மூலக் கருவிகளையே கொண்டுவந்திருந்தால் நிலைமை வேறு என்றும் அதே தீர்ப்பு சொன்னது. 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு இதை உறுதி செய்தது. பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக 1.7.2024 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமும் 63-ஆம் பிரிவில் இந்தச் சான்றிதழைக் கேட்கிறது. ஆகவே மூலம் இருக்கும் போனைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை. மற்றதெல்லாம் அதற்குத் துணை.

பிரச்சினை வரும் என்று தெரிந்த அன்றே அந்த போனை ரீசெட் செய்வது, விற்பது, தம்பிக்குக் கொடுப்பது எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். டிஸ்ப்ளே உடைந்தாலும் தூக்கிப் போட வேண்டாம். *#06# அழுத்தினால் வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்), போனின் மாடல், நிறம், சீரியல் எண்ணையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். சான்றிதழ்ப் படிவத்தில் இவை அனைத்துக்கும் தனித்தனிக் கட்டம் உண்டு. போன் போன பிறகு இவற்றைத் தேடி அலைவது பெரும்பாடு.

அடுத்தது வாட்ஸ்அப். அந்த உரையாடலில் செய்திகள் தானாக மறையும் வசதி ஓடுகிறதா என்று பாருங்கள். அதை நிறுத்தினால் இனி வரும் செய்திகள்தான் தங்கும். டைமரோடு ஏற்கெனவே வந்தவை அவற்றின் நேரத்துக்கு மறைந்துவிடும். எதிராளியும், தான் அனுப்பிய செய்தியைச் சுமார் இரண்டு நாள் வரை இரு பக்கமும் அழிக்கலாம். எனவே தள்ளிப்போடாமல் பதிவு செய்யுங்கள்.

இங்கே நடக்கும் பெரிய தவறு பெயரில்தான். ஸ்கிரீன்ஷாட்டின் மேலே "ஹவுஸ் ஓனர்" என்று மட்டும் தெரியும். யாருடைய எண்ணையும் யாரும் அந்தப் பெயரில் சேமித்துவிடலாம் என்பதால் அது எதையும் நிரூபிக்காது. அதனால் ஸ்கிரீன் ரெக்கார்டிங்கை ஓடவிட்டு, முதலில் போனின் தேதி, நேரத்தைக் காட்டுங்கள். பிறகு அந்த நபரின் விவரப் பக்கத்தைத் திறந்து எண் முழுதாகத் தெரியும்படி இரண்டு நொடி நிறுத்துங்கள். அங்கிருந்து உரையாடலுக்கு வந்து, சம்பந்தப்பட்ட செய்திக்கு முன்னும் பின்னும் பேசியது எல்லாம் தெரியும்படி மெதுவாக நகர்த்துங்கள். உங்களுக்குச் சாதகமில்லாத வரிகளைத் தாண்டி ஓடாதீர்கள். நடுவில் விட்ட நான்கு செய்திகளை எதிர்த்தரப்பு தன் போனிலிருந்து எடுத்துக் காட்டினால், மிச்சமுள்ள நாற்பதின் மேலும் சந்தேகம் விழும்.

உரையாடலை மொத்தமாக வெளியே எடுக்கும் வாட்ஸ்அப்பின் எக்ஸ்போர்ட் வசதியையும் பயன்படுத்தி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது தருவது வெறும் எழுத்துக் கோப்பு. யார் வேண்டுமானாலும் திறந்து ஒரு சைபரைச் சேர்க்க முடியும். தேடிப் படிக்க உதவும், தனியே நிற்காது.

குரல் பதிவுகளில் கெடுவது தரம். கால் ரெக்கார்டிங்கை ஸ்பீக்கரில் ஓடவிட்டு இன்னொரு போனில் பதிவதும், பயனில்லாத இடங்களை வெட்டி "க்ளியராக" ஆக்குவதும் கூடவே கூடாது. 1985-இல் ராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒலிப்பதிவுக்குச் சொன்ன சோதனைகள் இன்றும் பொருந்தும்: குரல் யாருடையது என்று அடையாளம் காட்ட வேண்டும், கைவைக்கப்படவில்லை என்று காட்ட வேண்டும், பத்திரமாக வைத்திருக்க வேண்டும், தெளிவாகக் கேட்க வேண்டும். வெட்டிய ஃபைல் இரண்டாவது சோதனையிலேயே விழுந்துவிடும். போட்டோவையோ வீடியோவையோ வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கப்படும்; எடுத்த நேரம், இடம் போன்ற உள்விவரங்களும் போய்விடும். டாக்குமென்ட் என்ற வழியில் அனுப்புங்கள், அல்லது கேபிள் போட்டு கம்ப்யூட்டரில் நகலெடுங்கள்.

நீங்களே பேசிய அழைப்பைப் பதிவதும் அடுத்தவர் போனைத் திறந்து எடுப்பதும் ஒன்றாகாது. மனைவியோ கணவரோ தங்களுக்குள் பேசியதை ரகசியமாகப் பதிந்திருந்தாலும் மணவழக்கில் அதை ஆதாரமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் அனுமதியில்லாமல் இன்னொருவரின் கணக்கிலோ கருவியிலோ நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளில் மாட்டிவிடும்.

சிசிடிவியில் நாள் கணக்குதான் எதிரி. ஹார்ட் டிஸ்க் நிரம்பியதும் பழைய காட்சியின் மேலேயே புதியது பதிவாகும். கடைகளில் சில வாரங்களுக்கு மேல் காட்சி தங்குவது அரிது. 2020-இல் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் நடந்ததை மறக்கக்கூடாது. ஒரு டெராபைட் இடம் இருந்தும், காட்சிகள் தினமும் தானாக அழியும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்ததாக விசாரித்த நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தார். அதனால் சம்பவம் நடந்த அன்றோ மறுநாளோ கடைக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள்: எந்த கேமரா, எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை. ஒரு நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். காட்சியைப் பதிவு செய்யும் பெட்டியான டி.வி.ஆரின் கடிகாரம் பல இடங்களில் பத்து, இருபது நிமிடம் தவறாக ஓடும். திரையில் தெரியும் நேரத்தையும் பக்கத்தில் உங்கள் போன் காட்டும் நேரத்தையும் ஒரே படத்தில் எடுத்துவிட்டால் அந்தச் சந்தேகம் தீர்ந்தது. காட்சியை டி.வி.ஆரின் சொந்த ஃபார்மேட்டிலேயே, அதை ஓட்டும் ப்ளேயரோடு சேர்த்து எடுங்கள். மானிட்டரை போனில் படம் பிடிப்பது வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

ஃபேஸ்புக், எக்ஸ் பதிவுகளுக்குப் பெயர் போதாது, அந்தப் பதிவின் முழு இணைய முகவரி வேண்டும். மின்னஞ்சலை ஃபார்வர்ட் செய்யாமல், ஜிமெயிலில் மூலத்தைக் காட்டும் வசதியிலிருந்து முழு ஹெடரோடு (அஞ்சல் எங்கிருந்து எந்த வழியாக வந்தது என்று காட்டும் தலைப்பு விவரம்) இறக்கிக்கொள்ளுங்கள்.

இனி ஹாஷ். ஒரு ஃபைலின் கைரேகை என்று வைத்துக்கொள்ளலாம். எஸ்.எச்.ஏ-256 முறையில் அது 64 எழுத்துகளும் எண்களும் கொண்ட ஒரு வரி. ஃபைலில் ஒரு புள்ளி மாறினாலும் மொத்த வரியும் மாறிவிடும். விண்டோஸில் செவன்-ஜிப் மென்பொருள் இருந்தால், ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து எஸ்.எச்.ஏ-256 என்பதைத் தேர்ந்தால் வரி வந்துவிடும். நகலெடுத்தவுடன், எதையும் எடிட் செய்வதற்கு முன், இதை எடுங்கள். சாய்ந்து இருக்கிறதே என்று போட்டோவைத் திருப்பிச் சேமித்தாலே ஹாஷ் மாறும். ஃபைலின் பெயரை மாற்றினால் மாறாது. இரண்டு புதிய பென் டிரைவில் நகல் போடுங்கள். ஒன்றை உறையில் ஒட்டி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுங்கள். மற்றவர்களுக்குக் காட்டுவதெல்லாம் இரண்டாவதிலிருந்து.

முதலில் சொன்ன 63-ஆம் பிரிவுச் சான்றிதழுக்கு, அதாவது 63(4) சான்றிதழுக்கு, சட்டத்தின் அட்டவணையிலேயே படிவம் இருக்கிறது. 'அ' பகுதியை ஆதாரத்தைத் தாக்கல் செய்பவர் நிரப்ப வேண்டும். 'ஆ' பகுதி நிபுணருக்கு. இரண்டிலும் கருவியின் விவரம், ஹாஷ் மதிப்பு, பயன்படுத்திய முறை, தேதி, நேரம், இடம் கேட்கப்படும். ஹாஷ் அறிக்கையையும் இணைக்க வேண்டும். நிபுணரை வக்கீல் மூலம் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுக்கான படிவத்தை அப்படியே டைப் அடித்துக் கொடுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதில் ஹாஷுக்கு இடமே இல்லை. உங்கள் வழக்கு 1.7.2024-க்கு முன்பே நிலுவையில் இருந்ததென்றால் மட்டும் பழைய சட்டம் பொருந்தும்.

கருவி அடுத்தவர் கையில் இருந்து, அவர் சான்றிதழ் தர மறுத்தால் முடங்கிப் போக வேண்டியதில்லை. அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கிலும் தேர்தல் அதிகாரிகள் சான்றிதழ் தரவே இல்லை. அப்படி எழுத்தில் கேட்டும் கிடைக்காதவர்கள் நீதிமன்றத்தில் மனுப் போட்டு உத்தரவு வாங்கலாம் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. கேட்டதற்கான கடிதமும் பதிவுத் தபால் ரசீதும் அப்போது தேவைப்படும். போலி கணக்கிலிருந்து மிரட்டல் வந்திருந்தால் இன்னும் வேகம் வேண்டும். கணக்கை நீக்கிய பிறகு பயனரின் பதிவு விவரங்களைச் சமூக ஊடக நிறுவனங்கள் வைத்திருக்க வேண்டியது 180 நாள்தான். புகார் மனுவில் அந்தக் கணக்கின் முழு முகவரியையும், விவரங்களைப் பாதுகாக்கும்படி நிறுவனத்துக்கு எழுத வேண்டும் என்ற கோரிக்கையையும் முதல் பக்கத்திலேயே எழுதிக் கொடுத்து, மனு ரசீதை வாங்கிக்கொண்டு வாருங்கள்.