கதிர்வீச்சுக்குப் பிறகு குடல் தொல்லை: என்ன செய்வது, எப்போது ஓடுவது

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு அறுவை, கதிர்வீச்சு இரண்டும் முடிந்த பிறகு வரும் வயிற்றுப்போக்கை உடம்புச் சூடு என்றும், ரத்தத்தை மூலம் என்றும் எண்ணி வருடக்கணக்கில் பொறுத்துக்கொள்ளும் பெண்கள் உண்டு. தயவுசெய்து பொறுக்காதீர்கள். மலக்குடல் கருப்பைவாய்க்குப் பின்னாலேயே இருக்கிறது. சிறுகுடலின் கடைசிப் பகுதியும் இடுப்புக்குள் கிடக்கிறது. கதிர் பட்டதால் வரும் பாதிப்பு பல ஆண்டு கழித்தும் தலைகாட்டும்.

முதலில் ஒரு வாரம் குறிப்பெழுதுங்கள்: எத்தனை தடவை, தண்ணியாகவா, எண்ணெய் மிதக்கிறதா, ரத்தம் சிவப்பா கறுப்பா, தூக்கத்தில் எழுப்புகிறதா, அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள். மருத்துவருக்குப் பாதி வேலை இதிலேயே முடியும்.

நாசி லெமாக், பரோட்டா சாப்பிட்டவுடன் தண்ணியாக அவசரமாகப் போனால், கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த உப்பு சிறுகுடலின் அந்தக் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்கு வந்து நீரை இழுப்பது காரணமாக இருக்கலாம். இது பலமுறை தவறவிடப்படுவதால் நீங்களே கேளுங்கள். பித்த உப்பைப் பிடித்துக்கொள்ளும் கொலஸ்டிரமின் என்ற தூள் மருந்து இதற்குப் பலன் தரும். ஆனால் அது மற்ற மாத்திரைகளையும் பிடித்துக்கொள்ளும். அவற்றை 1 மணி நேரம் முன்போ 4 முதல் 6 மணி நேரம் கழித்தோ போடுங்கள். பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று தோன்றினால் தே தாரிக் போன்ற பால் தேநீரை இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். வித்தியாசம் இல்லையென்றால் திரும்பக் குடிக்கலாம். வீணாக உணவைக் குறைத்து இளைக்க வேண்டாம்.

ரத்தம் வந்தால் உள்நோக்கிப் பரிசோதனை (எண்டோஸ்கோபி) தேவை. கதிர்வீச்சு எடுத்ததை அங்கே கட்டாயம் சொல்லுங்கள். மலக்குடலின் முன்சுவரில் சோதனைக்காகச் சதை எடுத்தால் புண் ஆறாமல் பிறப்புறுப்புக்கு வழி திறந்துவிடக்கூடும். கசிவு தொடர்ந்தால் மலவாய் வழியே செலுத்தும் சுக்ரால்ஃபேட் மருந்து (எனிமா), ஆர்கான் வாயுவால் சுடுதல், உயர் அழுத்த ஆக்சிஜன் என்று வழிகள் உண்டு.

வயிறு உப்பி, முறுக்கி வலித்து, வாந்தியோடு காற்றும் பிரியவில்லையா? குடல் அடைப்பாக இருக்கலாம். பேதி மருந்து, வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபரமைடு இரண்டும் வேண்டாம். சாப்பாட்டை நிறுத்திவிட்டு அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், அல்லது (சிங்கப்பூரில்) ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள். பிறப்புறுப்பு வழியாகக் காற்றோ மலமோ வந்தால் அன்றே உங்கள் புற்றுநோய் மருத்துவக் குழுவுக்குச் சொல்லுங்கள்.

பி12 சத்தை உறிஞ்சுவதும் சிறுகுடலின் அந்தக் கடைசிப் பகுதிதான். அடுத்த ரத்தப் பரிசோதனையில் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.