பூட்டிக் கிடக்கும் வாடகை வீட்டுக்குக் கேமரா: முதல்முறை பொருத்துபவர்களுக்கு

விடுமுறைக்கு வருபவர்களுக்கு வாடகைக்கு விடும் வீடு ஆண்டில் பல நாட்கள் பூட்டியே கிடக்கும். அதற்குக் கேமரா வாங்கப் போகிறவர்கள் முதலில் மெகாபிக்சலைத்தான் விசாரிக்கிறார்கள். என்னைக் கேட்டால் முதல் கேள்வி வேறு. கேமரா நின்றுபோனால் ஒருமுறை அணைத்துப் போட அங்கே யார் இருக்கிறார்கள்? யாரும் இல்லை என்பதை வைத்துத்தான் கீழே உள்ள எல்லா முடிவுகளும்.

படி 1: வீட்டுக்குள் வேண்டாம்

காலியாக இருக்கும்போது மட்டும் உள்ளே ஒரு கேமராவைப் போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். வீடுகளை இணையம் வழியாக வாடகைக்கு விட உதவும் ஏர்பிஎன்பி தளம் 2024 ஏப்ரல் 30 முதல் வீட்டுக்குள் கேமரா வைப்பதை முழுவதுமாகத் தடை செய்துவிட்டது. அணைத்து வைத்திருந்தாலும் கூடாது. வெளியே வைக்கலாம், ஆனால் எங்கெங்கே இருக்கிறது என்பதை விளம்பரத்திலேயே சொல்லியாக வேண்டும். வேறு தளம் வழியாக வாடகைக்கு விட்டாலும் இதையே கடைப்பிடியுங்கள். உள்ளே நடமாட்டம் தெரிய வேண்டுமா? கதவு, ஜன்னல் திறந்தால் சொல்லும் சென்சார் போதும். அது யாரையும் படம் பிடிப்பதில்லை. அதையும் விருந்தினரிடம் சொல்லிவிடுங்கள்.

படி 2: இடம் பார்ப்பது

வீட்டை வெளியே ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். முன்வாசல், பின்கதவு, வண்டி நிறுத்தும் இடம் என்று பெரும்பாலும் மூன்று இடங்களில் முடிந்துவிடும். தரையிலிருந்து இரண்டரை முதல் மூன்று மீட்டர் உயரம் சரியாக இருக்கும். அதற்கும் மேலே போனால் முகம் விழாது, உச்சந்தலைதான் விழும். உடல் வெப்பத்தை உணரும் பிஐஆர் வகைக் கேமரா நேராக எதிரே வருபவரைவிடக் குறுக்கே நடப்பவரைச் சீக்கிரம் கண்டுகொள்ளும். ஆகவே பாதைக்குப் பக்கவாட்டில் வையுங்கள். வெள்ளைச் சுவரையோ கூரையின் அடிப்பக்கத்தையோ ஒட்டி வைத்தால் இரவில் அகச்சிவப்பு ஒளி திரும்பி அடித்துப் படம் வெளுத்துப் போகும். அந்த ஒளிக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், அப்புறம் ராத்திரி முழுக்க வலை ஆடுவதைத்தான் செல்போன் அறிவித்துக்கொண்டிருக்கும். வீட்டைச் சுத்தம் செய்பவரிடம் கேமராவையும் துடைக்கச் சொல்லி வையுங்கள். பக்கத்து வீட்டு ஜன்னல் படத்தில் விழக் கூடாது.

படி 3: கரண்டும் இணையமும்

பாதிப் பிரச்சினை இங்கேதான். கரண்டு போனால் ரவுட்டர் அணையும், கேமரா பேட்டரியில் ஓடினாலும் அதிலிருந்து உங்களுக்குச் செய்தி வராது. ரவுட்டருக்கும் மோடத்துக்கும் சேர்த்து ஒரு சின்ன யுபிஎஸ் வைத்தால் குறுகிய மின்வெட்டைக் கடந்துவிடலாம். நீண்ட நேரம் கரண்டு போகும் இடமென்றால் ஒரு கேமராவையாவது பேட்டரியில் ஓடும், சிம் கார்டு போடும் 4ஜி வகையாக வாங்குங்கள்.

ரவுட்டர் சில சமயம் காரணமே இல்லாமல் உறைந்து நிற்கும். அதை நாள்தோறும் அதிகாலையில் அணைத்துப் போட ஒரு டைமர் பிளக் போதும். செல்போனிலிருந்து இயக்கும் ஸ்மார்ட் பிளக்கை நம்பி ரவுட்டரை அணைத்தால், மறுபடி போடச் சொல்ல இணையம் இருக்காது. நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டுகிற கதைதான்.

வயர் இழுக்க முடிந்தால் பிஓஇ கேமரா நல்லது: கரண்டும் தரவும் ஒரே கேபிளில், 100 மீட்டர் வரை போகும். அந்தக் கேபிள்கள் வந்து சேரும் பெட்டியான பிஓஇ சுவிட்சும் அதே யுபிஎஸ்ஸில் இருக்கட்டும். முடியாவிட்டால் வைஃபை. 5 கிகாஹெர்ட்ஸைவிட 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரை நன்றாகத் தாண்டும்.

படி 4: பதிவு

மெமரி கார்டு மட்டும் போதாது, கேமராவைப் பிடுங்கிக்கொண்டு போனால் சாட்சியும் போய்விடும். அசைவுக் காட்சிகள் கிளவுடுக்கும், அதாவது இணையச் சேமிப்புக்கும் போகட்டும். கார்டு எவ்வளவு தாங்கும்? நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் தொடர்ந்து பதிந்தால் ஒரு நாளைக்குச் சுமார் 22 ஜிபி. 128 ஜிபி கார்டு ஆறு நாளில் நிரம்பிப் பழைய காட்சிமேல் எழுதத் தொடங்கும். அசைவை மட்டும் பதிந்தால் பல வாரம் தாங்கும். ஒலிப்பதிவை அணைத்துவிடுங்கள், சில நாடுகளில் அதற்குச் சட்டம் இன்னும் கடுமை.

படி 5: பூட்டு

பெட்டியில் வந்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல், மாற்றப்படாத பாஸ்வேர்டுகளை வைத்தே ஏராளமான கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது. பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள். விருந்தினருக்குத் தனி வைஃபை கொடுங்கள், கேமரா ஓடும் வலையமைப்பை அவர்கள் தொட வேண்டியதில்லை.

படி 6: யார் போவது?

நடு இரவில் அறிவிப்பு வருகிறது, நீங்கள் பல மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கிறீர்கள். உடனே போய்ப் பார்க்கக்கூடிய இருவரின் எண்ணை இப்போதே செல்போனில் ஏற்றுங்கள்: அக்கம்பக்கத்தவர் ஒருவர், வீட்டைப் பராமரிப்பவர் ஒருவர். யாரோ நிற்பது தெரிந்தால் அவர்களைத் தனியாக உள்ளே போகச் சொல்லாதீர்கள். அந்த ஊர்க் காவல்துறையின் எண்ணையும் சேர்த்து வையுங்கள். சாலையும் மரக்கிளையும் படத்தில் வரும் பகுதியை ஆப்பில் விலக்கிவிடுங்கள். வெற்று அறிவிப்பு ஓயாமல் வந்தால் நாமே ஒரு நாள் ஒலியை அணைத்துவிடுவோம்.

கேமரா இணைப்பை இழந்தால் தெரிவிக்கும் அறிவிப்பும் ஆப்பில் பெரும்பாலும் இருக்கும். பலர் அதை இயக்குவதே இல்லை. அதைப் போட்டுவிட்டு, ஊருக்குக் கிளம்பும் முன் மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். யுபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்குகிறது, தீர்ந்தபின் செல்போனுக்குச் செய்தி வருகிறதா, கரண்டு வந்ததும் எல்லாக் கேமராவும் தானாக எழுந்துகொள்கிறதா என்று மூன்றையும் அங்கேயே பார்த்துவிடுங்கள்.